அஸ்திவாரம் தோண்டும் முன்னே ஊரைக் கேளுங்க!

(ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் கோழிப் பண்ணைக் கட்டடங்கள் குறித்து நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! கோழி வளர்க்கும் நண்பர்களே!

கடைசியாகச் சொன்ன பேரைக் கேட்டதும் சில பேர் முகம் மாறுது. "அவங்களால வந்த வினைக்குத்தானே கூட்டமே, அவங்களையும் கூப்பிட்டு உட்கார வச்சிருக்கீங்களே" என்று அண்ணாச்சிமார் கேட்பது நமக்குப் புரியுது. ஆனால் நாம் அவங்களையும் அழைத்தே இந்தக் கூட்டத்தைப் போட்டிருக்கோம். காரணம் இருக்கு. கடைசிவரை இருந்து கேட்கணும்.

நம்ம சங்கம் கோழிக்கு விரோதி இல்லை. கோழி எருவை வாங்கி வாழைக்குப் போடுபவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் இருக்கோம். கறியும் முட்டையும் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்தான் சாப்பிடுது. நமக்கு இருக்கும் கேள்வி ஒண்ணே ஒண்ணு. கொட்டகை எங்கே வரணும், எத்தனை வரணும் என்பதை யார் தீர்மானிக்கிறது? குஞ்சு இறக்குகிற கம்பெனியா, இல்லை அந்தத் தண்ணியைக் குடிச்சு அந்தக் காற்றைச் சுவாசிக்கிற ஊரா?

நடந்தது என்ன?

பக்கத்து ஊர் ஒண்ணில் நடந்ததைச் சொல்லுதோம். ஊர்ப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். வாய்க்கால் கரையை ஒட்டி, காலனி வீடுகளுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்து குழி தோண்டினது. "மாட்டுக் கொட்டகை போடுதாங்க" என்று சொன்னாங்க. ஊர்க்காரங்க ஆபீஸுக்குப் போய்க் கேட்டதுக்கு, "எங்களுக்கு மனு எதுவும் வரலியே" என்று பதில். மறுபடி போனபோது "விசாரிக்கிறோம்". மூணாவது தடவை போவதற்குள் கூரைத் தகடு ஏறிட்டு, குஞ்சும் இறங்கிட்டு.

அப்புறம் என்ன? பிசான நெல்லு களத்துக்கு வரும் நேரத்தில் ஈ. சோத்துத் தட்டில் ஈ, தொட்டில் பிள்ளை முகத்தில் ஈ. ஊர்க்காரங்க மறியல் செய்யுதாங்க. கொட்டகை போட்டவர் யார்? வெளியூர் முதலாளி இல்லை. நம்மளைப் போல நாலு மரக்கால் விதைப்பாடு வச்சிருக்கிறவர். வாழையில் விலை கிடைக்காமல், வீட்டு நகையை அடகு வச்சு, பேங்க்கில் கடன் வாங்கிப் போட்டவர். "இப்போ மூடச் சொன்னா கடனை யார் கட்டுவா?" என்று அவர் கேட்கார். "மூடாட்டா நாங்க எப்படிக் குடியிருக்க?" என்று காலனி கேட்குது. ரெண்டு கேள்வியும் நியாயம். ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சுகிறவங்க இன்னைக்கு நல்லது கெட்டதுக்குக்கூடப் பேசிக்கிறதில்லை.

இதில் நஷ்டப்படாத ஆள் ஒருத்தர்தான். குஞ்சு கொடுத்த கம்பெனி. இந்தக் கொட்டகை மூடினால் அடுத்த ஊரில் இன்னொருத்தரைப் பிடிச்சுக்கிடும்.

இன்னொண்ணும் கேட்கணும். இந்தக் கொட்டகைகள் ஏன் எப்பவும் காலனிப் பக்கமே வருது? மேலத் தெருவுக்குப் பக்கத்தில் ஏன் வருவதில்லை? எதிர்த்துக் கேட்க மாட்டாங்க என்று நினைக்கிற இடமாப் பார்த்து வைக்கிறதுதான் இங்கே "இடத் தேர்வு" என்று ஆகிப் போச்சு.

ஒரு கொட்டகைக்குள் என்ன இருக்கு?

கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும். கறிக்கோழி ஒண்ணுக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி இடம். 5,000 கோழி என்றால் 5,000 சதுர அடிக் கொட்டகை. குஞ்சு 40, 45 நாளில் ரெண்டு கிலோவைத் தாண்டிடும். பிடிச்சுக் கழுவி, சில நாள் ஆறப் போட்டு மறுபடி குஞ்சு. வருஷத்துக்கு அஞ்சு ஆறு பேட்ச். ஆக 5,000 கோழிக் கொட்டகை என்று நாம் சொல்வதில் ஒரு வருஷத்தில் 25,000, 30,000 கோழி வளர்ந்து போகுது.

வெயில் காலத்தில் வளர்ந்த கோழி 5,000-க்கு நாளொண்ணுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணி வேணும். கோழி ஒண்ணுக்கு ஒரு கிலோ எரு என்று குறைச்சு வச்சாலும் பேட்சுக்கு 5 டன். நூத்துக்கு நாலஞ்சு சாகிறது இந்தத் தொழிலில் வழக்கமான சேதாரம். அப்படின்னா பேட்சுக்கு 200, 250 செத்த கோழி. அதை எங்கே புதைக்காங்க? குழி இருக்கா? இல்லை ராத்திரி வாய்க்காலில் போகுதா?

தரையில் பரப்புகிற தென்னை நார்க்கழிவோ உமியோ காய்ந்திருக்கும்வரை நாற்றம் பெரிசா வராது. தண்ணிக் குழாய் ஒழுகி, சாரல் அடிச்சு நனைஞ்சால்தான் அம்மோனியா கிளம்பும், ஈ முட்டை வைக்கும். நம்ம ஊர் வெக்கையில் முட்டை ஈயாக மாற ஏழு நாளிலிருந்து பத்து நாள் போதும். அப்போ ஒழுங்கா நடத்தினால் தொல்லையைக் குறைக்க முடியும் என்பதும் உண்மை. ஒழுங்கா நடத்த இடமும் வேணும், பணமும் வேணும், கண்காணிக்க ஆளும் வேணும். இந்த மூணையும் அனுமதி கொடுக்கும் முன்னேதான் கேட்க முடியும். கட்டி முடிச்ச பிறகு கேட்டால் அது சண்டை.

நம்ம பூமி எப்படிப்பட்ட பூமி?

பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் 1990-களில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி பரவினது. அங்கே பல இடம் மானாவாரி மேட்டு நிலம். நம்மளது அப்படி இல்லை. தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிஞ்சு, குளம் குளமா நிரப்பி, மறுகால் விழுந்து அடுத்த குளத்துக்குப் போகுது. ஒரு மடையில் விழுந்தது அடுத்த ஊர்ப் பாசனத்துக்கு வரும். ஆற்றுப் படுகையில் உறைகிணறு போட்டுத்தான் இந்தப் பக்கத்து ஊர்களுக்கும், தண்ணி இல்லாத தேரிப் பக்கத்து ஊர்களுக்கும் குடிதண்ணி போகுது. கீழே ஆத்தூர் கொடிக்கால் இருக்கு. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அதுக்கும் இதே தண்ணிதான்.

2023 டிசம்பர் 17, 18-ஐ யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்னது. ஏரல் பாலம் போச்சு. குளங்கள் உடைஞ்சு, வாழை சாய்ஞ்சு, ஆடு மாடு கோழி எல்லாம் தண்ணியில் மிதந்தது. வாய்க்கால் கரையில் மண்ணடிச்சு மேடாக்கிக் கொட்டகை போட்டால் வெள்ளம் வடியும் வழி அடைபடும். கொட்டகைக்குள் தண்ணி புகுந்தால் அங்கே இருக்கிற எருவும் செத்த கோழியும் நம்ம வயலுக்கும் கிணத்துக்கும் வரும். "வெள்ளம் வந்த இடமா?" என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் ஒரு கட்டடத்துக்கு எப்படி அனுமதி கொடுக்க முடியும்?

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2015-இல் கோழிப் பண்ணைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை போட்டது. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, கால்வாய், குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கணும் என்று அதில் சொன்னாங்க. ஆனால் ஒரு லட்சம் கோழிக்குக் கீழே இருக்கும் பண்ணைகளுக்கு வாரியத்தின் இசைவாணை தேவையில்லாமல் விட்டுட்டாங்க. நம்ம பக்கத்துக் கொட்டகை எல்லாம் அந்த ஓட்டையில் போயிட்டு.

இதை எதிர்த்து டெல்லியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. 2020 செப்டம்பரில் தீர்ப்பாயம் அந்த விலக்கை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2021-இல் நெறிமுறை திருத்தப்பட்டது. ஒரே இடத்தில் 5,000 கோழிக்கு மேல் வளர்த்தால் 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ரெண்டின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேணும் என்று வந்தது. கட்டுவதற்கு முன் ஒண்ணு, நடத்துவதற்கு ஒண்ணு. "கட்டுவதற்கு முன்" என்பதை அடிக்கோடு போட்டு வச்சுக்கிடணும்.

அதுபோக, கட்டடம் என்றால் 1971 நகர ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இருக்கு. இங்கே நம்ம ஆட்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். விவசாய மண்டலத்தில் கோழிப் பண்ணையும் அனுமதிக்கப்பட்ட உபயோகமாகத்தான் வைக்கப்பட்டிருக்கு. அதனால் "விவசாய நிலத்தில் கோழிப் பண்ணை எப்படி வரலாம்?" என்று மட்டும் மனு எழுதினால் நிற்காது, திருப்பி அனுப்பிடுவாங்க. வீட்டிலிருந்து எத்தனை மீட்டர், வாய்க்காலிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை கோழி, எரு எங்கே போகுது, வெள்ளம் வந்த இடமா என்று அளந்து எழுதணும். நெறிமுறை என்பது வழிகாட்டுதல்தான். அது தானாக வந்து நம்மளைக் காப்பாத்தாது. இசைவாணையில் நிபந்தனையாக எழுத வச்சால்தான் அதுக்குப் பல் முளைக்கும்.

5,000-க்கு உள்ளே ஒளியும் தந்திரம்

5,000 என்று கோடு போட்டதும் என்ன நடக்குது? 4,900 கோழிக்கு ஒரு கொட்டகை வீட்டுக்காரர் பேரில். அடுத்தது வீட்டுக்காரம்மா பேரில். அதுக்கடுத்தது மச்சினன் பேரில். வேலி ஒண்ணு, ஆழ்துளைக் கிணறு ஒண்ணு, தீவன லாரி ஒண்ணு. காகிதத்தில் மட்டும் மூணு பண்ணை. ஈக்கு இந்தப் பட்டா உட்பிரிவு தெரியுமா?

சட்டத்தில் "ஒரே இடத்தில்" என்றுதான் இருக்கு. அதனால் சேர்த்துத்தான் எண்ணணும் என்பதே நம்ம வாதம். ஒரு கொட்டகையைத் தனியாகப் பார்த்தால் "இதனால என்ன வந்துரப் போகுது" என்றுதான் தோணும். பத்துக் கொட்டகை சேர்ந்தால்தான் விஷயம் தெரியும்.

ஹரியானாவில் பஞ்சகுலா மாவட்டம் பர்வாலா, ராய்ப்பூர் ராணி பக்கம் இப்படித்தான் பண்ணைகள் நெருங்கிப் பெருகி, கிராமத்து ஜனங்க வருஷக்கணக்கா ஈத் தொல்லைக்கு எதிராகப் போராட வேண்டி வந்தது.

பணக்கார நாடு என்றால் நல்லா நடக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே வை என்று ஒரு ஆறு ஓடுது. நம்ம தாமிரபரணி போல அந்த ஜனங்க கொண்டாடுகிற ஆறு. அந்த ஆற்றுப் பகுதியில் கொட்டகை கொட்டகையாகத் தனித்தனி அனுமதி கொடுத்துக் கொடுத்து, கோழி எண்ணிக்கை ரெண்டு கோடியைத் தாண்டிட்டு. எருவில் உள்ள பாஸ்பரஸ் மழையோடு ஆற்றில் இறங்கி, பாசி பிடிச்சு, ஆறு கெட்டது. 2023-இல் அந்த நாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே வை ஆற்றின் நிலை மோசமாகிக்கொண்டு போகுது என்று அறிவிச்சது.

பக்கத்தில் ஷ்ராப்ஷயர் என்ற மாவட்டம். ரெண்டு லட்சத்துக்கு மேல் கோழி வளர்க்கும் கட்டடங்களுக்கு உள்ளாட்சி மன்றம் அனுமதி கொடுத்தது. ஊர்ப் பக்கத்திலிருந்து கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 ஜூனில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செஞ்சது. ஏன்? அந்தக் கோழிக் கழிவைப் பதப்படுத்தி நிலத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை அனுமதி கொடுக்கும் முன் ஆராயவில்லை என்றுதான். கட்டடத்தை மட்டும் பார்த்தால் போதாது, கட்டடத்திலிருந்து வெளியே போவது எங்கே போய் விழுது என்றும் பார்க்கணும் என்று நீதிமன்றம் சொல்லுது. நம்ம காலனித் தாய்மார்கள் கேட்பதும் இதே கேள்விதான்.

கோழி வளர்க்கும் நண்பர்களுக்கு

இப்போ உங்ககிட்ட வாரோம். குஞ்சு கம்பெனியோடது. தீவனம் கம்பெனியோடது. மருந்தும் கம்பெனியோடது. எந்த நாள் பிடிக்கணும் என்பதும் அவங்க இஷ்டம். கொட்டகை, கடன், கரண்ட் பில், தண்ணி, ராத்திரி முழிப்பு, எரு, செத்த கோழி, ஊர்ப் பகை, இதெல்லாம் உங்களோடது. வளர்ப்புக் கூலி பல வருஷமா கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாயிலேயே நின்னது. அந்தக் கூலியில் எருக்குழிக்கு எங்கிருந்து சிமெண்ட் போட? நனைஞ்ச நார்க்கழிவை எந்தக் காசில் மாத்த? கூலி குறைவதும் ஈ பெருகுவதும் ஒரே கணக்குதான்.

2019-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் நிறைவேத்தினது. விளைபொருளோடு கால்நடையையும் சேர்த்த சட்டம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யணும் என்பது அதன் அடிப்படை. உங்க கையில் தமிழில் எழுதின ஒப்பந்த நகல் இருக்கா? கழிவுக்கு யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கா? இல்லையென்றால் கேளுங்க. நாங்களும் கூட வந்து கேட்போம். தனியாகக் கேட்டால் அடுத்த பேட்ச் குஞ்சு வராது. சேர்ந்து கேட்டால் வந்துதான் ஆகணும்.

ஏற்கெனவே கட்டி, நடந்துகொண்டிருக்கும் கொட்டகையை நாளைக்கே இடிக்கணும் என்று நம்ம சங்கம் கேட்கவில்லை. கோழி எண்ணிக்கையைக் குறைத்து, எருவை மூடி வைத்து, குழி கட்டி, ஈயைக் கட்டுப்படுத்த அவகாசம் கொடுக்கட்டும். அந்தச் செலவில் கம்பெனி பங்கு ஏற்கட்டும். அதுக்கும் முடியாத இடத்தில் இருந்தால், மாற்று இடத்துக்குப் போகக் கடன் வசதி செய்யட்டும். ஆனால் புதுசாக ஒரு கொட்டகைகூட ஊரைக் கேட்காமல் எழும்பக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

முதல் வேலை, குழி தோண்டின அன்னைக்கே தேதியோடு போட்டோ எடுங்க. சர்வே நம்பர் குறிச்சுக்கோங்க. வீடு, வாய்க்கால், கிணறு ஒவ்வொண்ணுக்கும் நாடாவை வச்சு அளங்க.

ரெண்டாவது, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி 2005 தகவல் உரிமைச் சட்டப்படி மனு. கட்டட அனுமதி இருக்கா, இசைவாணை இருக்கா, இருந்தால் நகல், நிபந்தனை என்ன? 30 நாளுக்குள் பதில் வரணும். இப்போ நடப்பில் உள்ள நெறிமுறை நகலையும் சேர்த்தே கேட்டு வாங்குங்க.

மூணாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, சபை ஊருடையது. தீர்மானம் எழுத்தில் ஏறின பிறகு கையெழுத்துப் போடுங்க. வெத்துத் தாளில் போடாதீங்க. பேரூராட்சிக்காரங்க செயல் அலுவலரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்குங்க.

நாலாவது, கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல். பொதுத் தொல்லை என்றால் கோட்டாட்சியர் உத்தரவு போடலாம். முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். 152-ஆவது பிரிவு.

செய்யக் கூடாததும் இருக்கு. தண்ணிக் குழாயை வெட்டுவது, தீவன லாரிக் கண்ணாடியை உடைப்பது, சாதியைச் சொல்லி ஏசுவது, இதில் ஒண்ணு நடந்தாலும் வழக்கு நம்ம மேலே திரும்பும். ஈப் பிரச்சினை மறைஞ்சு, சாதிப் பிரச்சினை என்று எழுதிடுவாங்க. கம்பெனிக்கு அதைவிடச் சௌகரியம் வேற இல்லை.

நமது கோரிக்கைகள்:

1. கோழிப் பண்ணைக் கட்டடத்துக்கு அனுமதி கேட்டு மனு வந்ததும் ஊராட்சிப் பலகையிலும் நியாயவிலைக் கடையிலும் தமிழில் அறிவிப்பு ஒட்டணும். கிராம சபையின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்கணும்.

2. அடுத்தடுத்து இருக்கும் கொட்டகைகளின் கோழி எண்ணிக்கையை யார் பேரில் இருந்தாலும் சேர்த்தே கணக்கிடணும்.

3. 2023 வெள்ளம் புகுந்த இடங்களிலும், வாய்க்கால், குளத்துக் கரைகளிலும் புதுக் கொட்டகைக்கு அனுமதி தரக் கூடாது.

4. இசைவாணையில் கம்பெனியின் பேரையும் பொறுப்பையும் சேர்க்கணும். எரு, செத்த கோழி அகற்றும் செலவைக் கம்பெனி ஏற்கணும்.

5. ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதிப் பதிவு செய்யணும். வளர்ப்புக் கூலியை அரசு, கம்பெனி, வளர்ப்போர் கொண்ட முத்தரப்புப் பேச்சில் நிர்ணயிக்கணும்.

6. இருக்கும் கொட்டகைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கால்நடைத் துறையும் ஊர் மக்கள் முன்னிலையில் ஆய்வு செய்யணும்.

இந்த ஆறு கோரிக்கையிலும் கொட்டகைக்காரருக்கு விரோதமாக ஒண்ணும் இல்லை. காலனிக்கு விரோதமாகவும் ஒண்ணும் இல்லை. அதனால்தான் ரெண்டு பேரையும் ஒரே பந்தலில் உட்கார வச்சோம். மனுவில் ரெண்டு பக்கத்துக் கையெழுத்தும் விழணும். அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வேன் பிடிச்சுப் போவோம். ஊருக்கு அஞ்சு பேராவது பேர் கொடுத்துட்டுப் போங்க.

ஊரைக் கேட்காமல் கொட்டகை எழும்பாதே!
வாய்க்காலும் குளமும் கழிவுத் தொட்டி அல்ல!
லாபம் கம்பெனிக்கு, நாற்றம் ஊருக்கா?
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!